படிக்கு எத்தனை கிலோ?

விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளிர் சுய உதவிக் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து சாம்பார் பொடி, இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் போட்டு சாத்தூர்க் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். பட்டாசு வேலை இல்லாத நாட்களில் கை சும்மா இருக்கக் கூடாது என்று ஆரம்பித்த தொழில். பக்குவம் எல்லாம் அவருடைய மாமியார் சொன்னது: இத்தனை படி மல்லி, இத்தனை உழக்கு பருப்பு, இத்தனை டம்ளர் உப்பு. கடையில் வாங்குவதோ கிலோவில். ஒவ்வொரு தடவையும் ருசி மாறுகிறது. போன தடவை போட்ட 12 கிலோ ஊறுகாய் மூன்று வாரத்தில் பூஞ்சணம் பிடித்து, அத்தனையும் குப்பைக்குப் போனது. குழுவில் வாங்கிய கடன் பாக்கி நிற்கிறது. “ஒரு படிக்கு எத்தனை கிலோ என்று ஒரே வரியில் சொல்லுங்கள், எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்” என்று கேட்கிறார்.

அச்சங்குளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி நடந்த பட்டாசு ஆலை விபத்துதான் ஞாபகத்துக்கு வரும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகும் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டியிருக்கிறது, கரிசல் காட்டில் மழையை நம்பி உளுந்தும் கம்பும் போட வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு தொழில் அங்கே சின்ன விஷயம் அல்ல. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே வரியில் பதில் கிடையாது என்பதுதான் முதல் பதில்.

படி என்பது இடத்தை அளப்பது. கிலோ என்பது கனத்தை அளப்பது. ஒரு படிக்குள் மல்லி போட்டால் ஒரு எடை, உளுந்து போட்டால் வேறு எடை, உப்பு போட்டால் இன்னொரு எடை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் படியே ஒரு படி அல்ல என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பழைய வாய்ப்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி, எட்டுப் படி ஒரு குறுணி அல்லது மரக்கால். வாய்ப்பாடு பொதுவாக ஒன்றுதான், பாத்திரம்தான் ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊரில் படி ஒன்றேகால் லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், இன்னொரு ஊரில் ஒன்றரை லிட்டரையும் தாண்டும். இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளந்ததைச் சொல்லும்போது வெறும் மரக்கால் என்று விடாமல், ‘ஆடவல்லான் என்னும் மரக்கால்’ என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் சண்டை வரும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்று 1956-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் பிறகு லிட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று கடைகளில் பழைய படி செல்லாது. ஆனால் வீட்டுப் பரணில் இருக்கும் இரும்புப் படியும் பித்தளை உழக்கும் போகவில்லை. அதோடு குழப்பத்தைக் கூட்ட, எவர்சில்வரில் வந்த ஒரு லிட்டர் அளவையையும் ஜனங்கள் படி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாமியார் சொன்ன படி பரணில் இருக்கும் படியா, எவர்சில்வர் படியா? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கணக்கும் போட முடியாது. மாமியார் இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடலாம். இல்லையென்றால் அவர் கையாண்ட பாத்திரத்தையே தேடி எடுக்க வேண்டும்.

பாத்திரம் கிடைத்துவிட்டால் அது எத்தனை லிட்டர் என்று கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர்தான் நமக்குத் தராசு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஒரு மில்லி லிட்டர் ஒரு கிராம். காலிப் படியை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போட்டால், கூடிய எடைதான் அதன் கொள்ளளவு. 1,350 கிராம் கூடியிருந்தால் அது 1,350 மில்லி படி. பழைய படி ஒழுகினால் உள்ளே ஒரு மெல்லிய பாலித்தீன் பையை விரித்து ஊற்றலாம். இதேபோல உழக்கு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் ஒரு மத்தியானத்தில் அளந்து முடித்துவிடலாம்.

அடுத்தது பண்டம். 200 மில்லி பிடிக்கும் டம்ளர் ஒன்றை வைத்துக்கொண்டால் தலைதட்டி அளக்கும்போது கிடைக்கும் எடை ஏறத்தாழ இப்படி இருக்கும். பச்சரிசி 160 கிராம், முழு உளுந்தும் துவரம் பருப்பும் 165 கிராம், சர்க்கரை 170 கிராம், வெந்தயம் 150 கிராம், எள் 120 கிராம், சீரகம் 85 கிராம், மிளகாய்ப் பொடி 95 கிராம், மைதா 105 கிராம். மல்லிதான் எல்லோரையும் ஏமாற்றும். உருண்டையாக, உள்ளே வெற்றிடத்தோடு இருப்பதால் டம்ளர் நிறைய அளந்தாலும் 65 கிராம்தான் இருக்கும். உளுந்தும் மல்லியும் “சமபங்கு” என்று பக்குவத்தில் இருந்தால், அது படியில் சமபங்கா, எடையில் சமபங்கா என்று பார்க்க வேண்டும். படியில் சமம் என்றால் எடையில் மல்லி பாதிக்கும் குறைவு. அதைத் தெரியாமல் கடையில் இரண்டையும் ஒவ்வொரு கிலோ வாங்கிப் போட்டால் மல்லி இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். அச்சங்குளம் குழுவின் சாம்பார் பொடி தடவைக்குத் தடவை ருசி மாறியதற்கு இந்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

மேலே சொன்ன எண்கள் வழிகாட்டத்தான். மானாவாரி மல்லியும் இறவை மல்லியும் பருமனில் ஒன்றாக இருக்காது. புது உளுந்தும் ஆறு மாதம் காய்ந்த உளுந்தும் ஒன்றல்ல. பொடி வகைகளில் இன்னும் மோசம்: சலித்தவுடன் மெதுவாக அள்ளிப் போட்ட மிளகாய்ப் பொடிக்கும், டம்ளரைத் தரையில் நாலு தட்டுத் தட்டி நிரப்பியதற்கும் கால்வாசி வித்தியாசம் வந்துவிடும். ஆகவே குழுவினர் தங்கள் பாத்திரத்தில், தாங்கள் வாங்கும் சரக்கை, மூன்று முறை தலைதட்டி அளந்து எடை போட்டு, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதிக்கொள்வதே சரி. சுவரில் ஒட்ட வேண்டியது பத்திரிகையில் வந்த எண் அல்ல, அந்த எண்.

தலைதட்டுவது என்று சொன்னதும் ஒரு விஷயம். படியைக் கூம்பாக அளக்கும் பழக்கம் இன்னும் கிராமங்களில் போகவில்லை. கூம்பில் எவ்வளவு நிற்கும் என்பது படியின் வாயைப் பொறுத்தது. உயரமாக, வாய் குறுகலாக இருந்தால் கூம்பு சின்னது. குட்டையாக, வாய் அகலமாக இருந்தால் கூம்பு பெரியது. இரண்டுமே தலைதட்டினால் ஒரே அளவு காட்டும். தானியம் வாங்க வருகிறவர் அகலமான படியைக் கொண்டுவந்து, கூம்பாக அளந்தால், அது ஆசையாகக் கொடுக்கும் கொசுறு அல்ல, கணக்கில் வராத சரக்கு.

சம்சாரிகளுக்கு நஷ்டம் வருகிற இடமும் இதுதான். வீட்டு வாசலில் வந்து உளுந்து வாங்குகிறவர் “படி ஒன்றேகால் கிலோ கணக்கு” என்று சொல்லிக் கிலோ விலை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொண்டுவந்த படி 1,650 மில்லி என்றால், தலைதட்டினாலே அதில் சுமார் 1,350 கிராம் உளுந்து பிடிக்கும். படிக்கு 100 கிராம் கணக்கில் விழாமல் போகிறது. நூறு படிக்குப் பத்துக் கிலோ. கூம்பு வைத்தால் அது தனி. படியை வைத்து வியாபாரம் பேசுவதை விட்டுவிட்டு, முத்திரை போட்ட தராசில் எடைக்கு மட்டும் விற்பது என்று பிடிவாதமாக இருப்பதே நல்லது. மின்னணுத் தராசுக்கு வருஷம் ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தராசில் சந்தேகம் இருந்தால் அங்கே புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு: ஐந்து லிட்டர் அளவையில் சரியாக அளந்து ஊற்றிய தண்ணீர்க் குடத்தைத் தராசில் வைத்து, காலிக் குடத்தின் எடையைக் கழித்தால் ஐந்து கிலோ காட்ட வேண்டும்.

எடைக்கு விற்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது, ஈரம் இருக்கிறது. ஈரமான தானியம் எடையில் கூடும், ஊதிப் போவதால் படியில் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். அதே மாதிரி சாவி அதிகம் உள்ள நெல் படியில் நிறைந்து நிற்கும், தராசில் தெரிந்துவிடும். வாங்குகிறவருக்கு ஒரு லிட்டர் தானியம் எத்தனை கிராம் நிற்கிறது என்பது தரத்துக்கு ஒரு சாட்சி. விற்கிறவர்களும் தங்கள் கம்பையும் உளுந்தையும் வருஷா வருஷம் அப்படி நிறுத்துக் குறித்துவைத்தால், எந்த வருஷம் மணி நன்றாகப் பிடித்தது என்று விலை பேசும்போது சொல்ல முடியும்.

இனி, கொட்டிப்போன ஊறுகாய்க்கு வரலாம். கடிதத்தில் ஒரு வரி கவனிக்க வேண்டியது. வழக்கமாகப் பாக்கெட் பொடி உப்பு போடுகிறவர்கள், அந்தத் தடவை விலை குறைவு என்று தூத்துக்குடிக் கல் உப்பு மூட்டையாக வாங்கியிருக்கிறார்கள். டம்ளர் கணக்கு மட்டும் மாறவில்லை. பொடி உப்பு இடைவெளி இல்லாமல் அடைந்துகொள்ளும். 200 மில்லி டம்ளரில் 240 கிராம் வரை பிடிக்கும். கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று. கல்லின் பருமனைப் பொறுத்து 180 முதல் 200 கிராம்தான் வரும்.

எலுமிச்சை ஊறுகாயில் கெடாமல் காப்பது பெரும்பாலும் உப்புதான். முடிந்த ஊறுகாயில் நூற்றுக்கு 12 பங்காவது உப்பு இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 12 கிலோவுக்கு 1,440 கிராம். பொடி உப்பு என்றால் ஆறு டம்ளர். அதே ஆறு டம்ளர் கல் உப்பு, டம்ளருக்கு 190 கிராம் வீதம் 1,140 கிராம்தான். 300 கிராம் குறைகிறது. நூற்றுக்கு 12 இருக்க வேண்டிய இடத்தில் பத்துக்கும் கீழே போய்விட்டது. நாக்கு இதைக் கண்டுபிடிக்காது, எலுமிச்சையின் புளிப்பு மறைத்துவிடும். பூஞ்சணம் கண்டுபிடித்துவிடும்.

உப்பு ஒன்றுதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜாடியில் ஈரம் இருந்திருக்கலாம், மேலே எண்ணெய் நிற்காமல் துண்டுகள் வெளியே தெரிந்திருக்கலாம், புளியங்குடியிலிருந்து வந்த பழத்தைக் கழுவியபின் துடைக்காமல் நறுக்கியிருக்கலாம். ஆனால் உப்பை எடை போடாதவரை மற்ற காரணங்களைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. மாமியார் காலத்துப் பக்குவம் கல் உப்புக்குச் சொல்லப்பட்டதாக இருந்தால், அதை அப்படியே பொடி உப்புக்கு மாற்றியவர்கள் இத்தனை நாளும் உப்பைக் கூடப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் கரிக்கிறது என்று கடைக்காரர் யாராவது சொல்லியிருப்பார். அதையும் யோசித்துப் பார்க்கலாம்.

ஊறுகாய்க்கு சோடியம் பென்சோயேட் சேர்க்கலாமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். உப்பும் எண்ணெயும் சரியாக இருந்தால் உள்ளூர் விற்பனைக்கு அது தேவைப்படாது. சேர்த்தே ஆக வேண்டும் என்றால், கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்பது மேல்வரம்பு. அதாவது நாலு கிலோவுக்கு ஒரு கிராம். இதைச் சமையல் கரண்டியால் அளப்பது ஆபத்தான வேலை. ஒரு தேக்கரண்டியில் சில கிராம் நின்றுவிடும், 12 கிலோவுக்குத் தேவைப்படுவதோ மூன்றே கிராம். வீட்டுத் தராசு ஒரு கிராம் இரண்டு கிராமில் தடுமாறும். இங்கேதான் எடையை அளவாக மாற்றும் வித்தை உதவும். 10 கிராமை நம்பகமான தராசில் நிறுத்து, கொதித்து ஆறிய நீரில் கரைத்து, மொத்தம் 200 மில்லி ஆக்கிக்கொண்டால், அதில் 5 மில்லி எடுத்தால் 250 மில்லிகிராம் இருக்கும். இருமல் மருந்தோடு வரும் புது அளவு மூடியில் கிலோவுக்கு 5 மில்லி அளந்து ஊற்றலாம். மீதியை வைத்திருக்காமல் கொட்டிவிட வேண்டும்.

எண்ணெயில் வேறு மாதிரி கணக்கு. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 920 கிராம்தான். கிலோ 400 ரூபாய் என்பதும் லிட்டர் 400 ரூபாய் என்பதும் ஒன்றல்ல: லிட்டர் 400 என்றால் கிலோவுக்கு 435 ரூபாய் ஆகிறது. விருதுநகர் எண்ணெய்க்குப் பேர்போன சந்தை, அங்கே மொத்த வியாபாரிகள் இந்த வித்தியாசத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சில்லறையில் வாங்குகிறவர்கள்தான் கவனிப்பதில்லை. எண்ணெய் சூட்டில் விரியும். அதே ஒரு லிட்டரில் எடை குறைந்துவிடும். அளவு எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று பாக்கெட்டில் போட்டுச் சமாளிப்பதை நிறுத்தி, எடையையும் சரியாகப் போடும்படி 2022-ல் மத்திய நுகர்வோர் துறை சமையல் எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது இதனால்தான். பாக்கெட் வாங்கும்போது லிட்டருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் கிராமைப் பார்த்து விலையை ஒப்பிடலாம். தேன் இதற்கு நேர் எதிர்: லிட்டருக்கு 1,400 கிராம் வரை இருக்கும். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், லிட்டர் 1,030 கிராம்.

குழுவினர் விற்கும் பாக்கெட்டுக்கும் இது பொருந்தும். பொடி, ஊறுகாய் எல்லாவற்றிலும் நிகர எடையைக் கிராமில் அச்சிட வேண்டும், பாட்டில் நிறைந்திருக்கிறது என்பது கணக்கில் வராது. 200 மில்லி பாட்டில் வாங்கி அதில் “200 கிராம்” என்று லேபிள் ஒட்டுவது பல குழுக்களில் நடக்கிறது. ஊறுகாயில் அது ஓரளவு ஒத்துப்போகலாம். மிளகாய்ப் பொடியில் பாதிகூட இருக்காது, சோதனைக்கு வந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

கடிதத்தின் பின்பக்கத்தில், அதே வீட்டுக்காரர் உளுந்துக்கு டி.ஏ.பி. தெளிப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறார். பத்து லிட்டர் டேங்குக்கு அடுப்படி டம்ளரில் ஒரு டம்ளர் போடுகிறாராம், யூரியாவுக்கும் அதே டம்ளர்தானாம். 2 சதவீதக் கரைசல் என்றால் பத்து லிட்டருக்கு 200 கிராம். 200 மில்லி டம்ளரில் டி.ஏ.பி. சுமார் 190 கிராம் நிற்கும், ஆகவே அந்தக் கணக்கு பெரிய தப்பில்லை. முந்தின நாள் ராத்திரியே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி எடுத்தால் போதும். யூரியா லேசு, அதே டம்ளரில் 150 கிராம்தான். 2 சதவீதம் வேண்டுமென்றால் ஒரு டம்ளரும் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கும் வேண்டும். விதை நேர்த்திக்கான டிரைக்கோடெர்மா விரிடி கிலோ விதைக்கு 4 கிராம். ஏக்கருக்கு எட்டுக் கிலோ உளுந்து விதை என்றால் 32 கிராம். புசுபுசு என்று இருக்கும் அந்தப் பொடியைக் கரண்டியில் குத்துமதிப்பாக அள்ளாமல், ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு, எந்த மூடியில் எவ்வளவு நிற்கிறது என்று மூடியிலேயே பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளலாம். பூச்சிமருந்துகளிலும் “லிட்டருக்கு 2 மில்லி” என்பதும் “லிட்டருக்கு 2 கிராம்” என்பதும் ஒரே மூடி அல்ல.

கணக்கு எப்படி இருந்தாலும், அந்த டம்ளர் இனி அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட் அடித்து, உரம் வைக்கும் இடத்திலேயே ஆணியில் மாட்டிவிட வேண்டும். குழுவுக்கு ஊறுகாய்க்காகப் புது டம்ளர் வாங்கும்போது, அது எத்தனை மில்லி என்று அதன் அடியிலேயே பொறித்துக் கொடுக்கச் சொல்லிப் பாத்திரக் கடையில் கேட்கலாம். பேர் வெட்டித் தருகிறவர்கள் எண்ணும் வெட்டித் தருவார்கள்.